தவுக்கே போட்ட கோடுகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்து உறவுகளுக்கு வணக்கம்.

ஈப்போ மருத்துவமனையில் குடல் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பி நான்கு நாளாகிறது. என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். மறுபடி கிளறப் போவதில்லை. பெருங்குடலின் இடப்பக்கக் கடைசி வளைவில் ஏறக்குறைய 20 சென்டிமீட்டரை வெட்டி எடுத்துவிட்டார்கள். வயிற்றில் நான்கு சிறு துளைகள், தொப்புளுக்குக் கீழே விரல் நீளக் கீறல் ஒன்று. அப்பா காலத்தில் இதற்கே வயிற்றை நெடுக்கக் கிழித்திருப்பார்கள்.

முதல் நன்றி எதிர்க்கட்டில் தவுக்கேவுக்கு, சீனக் கடை முதலாளிக்கு. பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை, வெட்கமாக இருக்கிறது. தோட்டத்து முச்சந்தியில் 40 ஆண்டு மளிகைக்கடை நடத்தியவராம், தமிழ் அங்கே பழகியது. எனக்கு மூன்று நாள் முன்னால் அவருக்கும் இதே அறுவை சிகிச்சை.

முதல் இரவு வயிற்றைவிட வலத்தோள்தான் உயிரை வாங்கியது. மாரடைப்பென்றே பயந்தேன். "வயிற்றுக்குள் அடித்த காற்று, தம்பி. மேலே போய்க் குத்துகிறது. எழுந்து நட" என்றார். காலையில் டாக்டரும் அதையே சொன்னார்: உள்ளே இடம் கிடைக்க ஊதிய கரியமில வாயுவின் மிச்சம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானத்தை உறுத்தினால் தோள் வலிக்குமாம்.

நடந்தேன். ஒரு கையில் டிரிப் கம்பம், மறு கை அவர் முழங்கையில். அவர் சட்டைப்பையில் ஒரு பழைய 555 புத்தகம், கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதும் சின்னக் குறிப்பேடு. ஒரு சுற்று முடிந்தால் பென்சிலால் ஒரு கோடு. "நேற்றுப் பாக்கி இரண்டு சுற்று" என்று கறாராகக் கேட்பார். கடனுக்கு அரிசி கொடுத்துப் பழகிய வாய். பிறகு வார்டு முழுக்கக் கேட்கும்படி, "காற்று போனதா?" கீழ்வழியாகக் காற்றுப் பிரிவதுதான் குடல் விழித்துக்கொண்டதற்குச் சாட்சி, கஞ்சி அதற்குப் பிறகுதான். மூன்றாம் நாள் விடியலில் போனது. அவர் கைதட்டினார். பக்கத்துக் கட்டில் மலாய்ப் பெரியவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சிரிக்கப் போய்த் தையல் வலித்ததுதான் மிச்சம்.

மருத்துவர்கள், இரவுத் தாதியர், ஈப்போவுக்கு நாள்தோறும் காரோட்டி வந்த தம்பிகள், மாரியம்மன் கோவிலில் அர்ச்சனை செய்த அக்காமார், என் ஆடுகளுக்குப் புல் அறுத்துப் போட்ட பக்கத்து வீட்டுப் பையன் எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. செம்பனைக் குலைப் பக்கமே போகக் கூடாது. நடக்கத் தடையில்லை. நம் பக்கத்தில் இனி யாருக்காவது இந்த அறுவை சிகிச்சை என்றால் சொல்லி அனுப்புங்கள், பஸ் ஏறி வந்துவிடுகிறேன். புதிய 555 ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.