விருது ஒரு நாவலுக்கு, வாசிப்பு இன்னொன்றுக்கு

ஐயா,

கிளை நூலகத்தில் 31 ஆண்டுகள் புத்தகம் எடுத்துக் கொடுத்தவன் நான். சாகித்திய அகாதெமி விருதுச் செய்தி பத்திரிகையில் வந்த மறுநாள் காலை, கதவு திறப்பதற்குள் வாசலில் நான்கு பேர் நிற்பார்கள். நால்வரும் ஒரே நாவலைத்தான் கேட்பார்கள்.

1991இல் கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' விருது பெற்றது. 1976இல் வந்த 'கோபல்ல கிராமம்' நாவலின் தொடர்ச்சி அது. தொடர்ச்சிக்குத் தேதி முத்திரை குத்திக் குத்தியே சீட்டு கிழிந்தது. முதல் நாவல் அலமாரியை விட்டு நகரவில்லை. "இதை முதலில் படியுங்கள்" என்று நீட்டினால், "இதற்கா சார் பரிசு?" என்று திருப்பி வைத்துவிடுவார்கள்.

அண்மைச் சில ஆண்டுகளுக்குள் முதற்பதிப்பு வந்த நூல்தான் விருதுக்குப் பரிசீலிக்கப்படும். ஒருவரின் அருமை தெரிய நமக்கோ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் நல்ல நாவலின் கெடு முடிந்து, கையில் கிடைத்ததற்கு விருது போகிறது. சா. கந்தசாமிக்கு 1998இல் 'விசாரணைக் கமிஷ'னுக்காகக் கொடுத்தார்கள், அவரது பழைய நாவல் 'சாயாவன'த்துக்காக அல்ல. எங்கள் பக்கத்துத் தேவங்குடிக்காரர் தி. ஜானகிராமனுக்கு 1979இல் கிடைத்தது சிறுகதைத் தொகுப்புக்காக, 'மோகமுள்' தப்பிவிட்டது! (1993இல் எம்.வி. வெங்கட்ராமின் 'காதுக'ளுக்குக் கொடுத்தபோது மட்டும், சரியான நாவலுக்கே போனது என்று மனமாரக் கைதட்டினேன்.)

2007இல் நீல பத்மநாபனின் 'இலையுதிர் காலம்' விருது பெற்றதும் ஜவுளிக்கடை ஊழியர் ஒருவர் அதைக் கேட்டு வந்தார். எங்களிடம் இல்லை. அதே ஆசிரியரின் நாவல், 1968இல் வந்த 'தலைமுறைக'ளைக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார். நான்காம் நாள் வந்தவர், அந்த நாவலில் புகுந்த வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட நாகுவைப் பற்றியே அரைமணி நேரம் பேசினார். கதையில் வரும் குமரி மாவட்டத்து இரணியல் பேச்சு முதலில் பிடிபடவில்லையாம்; பிறகு கதையின் பாட்டி உண்ணாமலை ஆச்சி தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்ததாம். பரிசு நாவலைக் கேட்கவே மறந்துவிட்டார்.

விதியை மாற்றச் சொல்லி உங்களுக்கு எழுதிப் பயனில்லை. உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. அடுத்த விருதுச் செய்தியின் கீழே, அந்த எழுத்தாளரின் மற்ற நூல்களின் பெயர்களையும் வெளிவந்த ஆண்டுகளையும் நான்கு வரியில் அச்சிடுங்கள். சால்வை போர்த்தும் படத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
மன்னார்குடி.