மன்றோவின் ஏழு வருஷத்துக்கு ஒரு வரிதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், மெட்ராஸ் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ பற்றிய கட்டுரையைப் படித்தேன். தீவுத்திடல் சிலைக்கு அரைப் பக்கம், மந்த்ராலயத்தில் ராகவேந்திரர் அவருக்குக் காட்சி தந்தார் என்ற கதைக்கு ஒரு பத்தி, எங்கள் ஊருக்கு ஒரே ஒரு வரி: ‘சில காலம் தருமபுரியில் பணியாற்றினார்.’ சில காலமா? 1792 முதல் 1799 வரை ஐயா! கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்ததும் 1820 முதல் 1827 வரை, அதே ஏழு வருஷம்தான்.

இந்த மாவட்டத்தில் முப்பத்தோரு வருஷம் நில அளவராக இருந்தவன் நான். அந்த ஒரு வரி உறுத்துகிறது.

கிளாஸ்கோவில் வியாபாரம் நொடித்துப்போன ஒருவரின் மகன் மன்றோ. 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) மெட்ராஸ் வந்தார். திப்புவிடமிருந்து எங்கள் வட்டாரமான பாரமகால் கைமாறியதும், அதை நிர்வகிக்க வந்த கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளர் ஆனார். ரீடுக்கு திருப்பத்தூர், மன்றோவுக்கு தருமபுரி. நடுவில் ஜமீன்தார் வேண்டாம், வயலை அளந்து உழுகிறவன் பேரிலேயே தீர்வை (நிலவரி) போடு என்கிற ரயத்துவாரியை இங்கேதான் பழகிப் பார்த்தார்கள். தொடங்கி வைத்தவர் ரீட். உங்கள் கட்டுரையில் அவர் பெயரே இல்லை. மேலதிகாரி பெயர் விட்டுப்போய் உதவியாளர் பெயர் நிற்பது எங்கள் இலாகாவில் காணாத அதிசயம்.

தருமபுரியில் மன்றோ ஆசையாகத் தோட்டம் போட்டிருந்தார். ஊரை விட்டுப் போனபின்தான் கனரா, கடப்பை, பெல்லாரி எல்லாம்.

1979இல் பென்னாகரம் பக்கம் ஒரு வரப்புத் தகராறு. அளவுச் சங்கிலியோடு போய் நின்றேன். ஒரு பாட்டி அடுக்குப் பானையிலிருந்து துணியில் சுற்றிய பட்டாவை எடுத்து நீட்டி, “இதுல என்ன போட்டிருக்கோ அதும்படி அளந்து உடு சாமி” என்றாள். அளந்தேன். எல்லைக்கல் இருக்க வேண்டிய இடத்தில் குழிதான் இருந்தது. கல்லோ பக்கத்துக் காட்டுக்காரர் கொட்டகையில். அதில் எருமை கட்டியிருந்தார். பாட்டிக்கு மன்றோவும் தெரியாது, ரீடும் தெரியாது. தன் பேரில் ஒரு காகிதம் இருக்கிறது, அது பேசும் என்று மட்டும் தெரியும்.

அதற்காக மன்றோவைத் தெய்வமாக்கச் சொல்லவில்லை. தீர்வை பாரமாகத்தான் இருந்தது. ராயலசீமையில் கலெக்டராக இருந்தபோது, 1807இல், நாலில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்று அவரே எழுதினார். மேலிடம் அப்போது கேட்கவில்லை. இதற்கல்லவா ஒரு பத்தி கொடுத்திருக்க வேண்டும்!

நீங்களோ சிலையில் அங்கவடி (குதிரையில் இருப்பவர் கால் வைக்கும் வளையம்) இல்லாததற்கும், அதை மறந்த சிற்பி தற்கொலை செய்துகொண்டார் என்ற கதைக்கும் இடம் கொடுத்தீர்கள். சிலை இங்கே நிறுவப்பட்டது 1839இல். அதைச் செய்த சிற்பி சான்ட்ரி 1841 வரை இருந்து, இயற்கையாகத்தான் இறந்தார். லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் சிலைக்கும் அங்கவடி கிடையாது. இரண்டிலுமா மறந்தார்?

இன்னொன்று. மன்றோ இறந்த இடம் ஆந்திரத்தில் உள்ள கூட்டி என்ற ஊர் என்று போட்டிருக்கிறீர்கள். 1827 ஜூலை 6இல் காலராவில் இறந்தது பத்திகொண்டாவில். கூட்டியில் முதலில் அடக்கம் செய்து, பிறகு சென்னைக் கோட்டையில் உள்ள புனித மேரி தேவாலயத்துக்கு மாற்றினார்கள். திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
தருமபுரி.