இடது கால் முன்னால் என்று சொன்ன அப்பா

அன்புள்ள மகளுக்கு,

முழங்கை வலிக்கிறது, மட்டையை மாற்றலாமா என்று கேட்டு நீ அனுப்பிய டென்னிஸ் காணொளியை நேற்று இரவு நாலைந்து முறை பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். ஷூ இரண்டு முறை கீச்சிடுகிறது, அப்புறம் நிசப்தம், அப்புறம் பந்து மட்டையில் படும் ஓசை. அந்த நிசப்தத்தில்தான் உன் ஃபோர்ஹேண்ட், அந்த வலப்பக்க அடி, கெடுகிறது. நீண்ட அடிகள் இரண்டு வைத்த பிறகு பொடி அடிகள் நாலைந்து கேட்க வேண்டும். பந்துக்கும் உனக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்வது அவைதாம். அவை இல்லாததால் பந்து உன் இடுப்போடு ஒட்டி வந்துவிடுகிறது, அந்தக் குறையை முழங்கை சுமக்கிறது. வலி தீரும்வரை ஆடாதே, மருத்துவரிடம் காட்டு. மட்டையை மாற்ற அவசரம் வேண்டாம்.

இன்னொன்று என் தவறு. ஒன்பது வயதில் உன்னைக் கோர்ட்டில் நிறுத்தி, ஒவ்வொரு பந்துக்கும் "இடது கால் முன்னால்!" என்று கத்தியவன் நான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மர மட்டைக் காலத்துக்காரர். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன செய்தி கேட்டு வளர்ந்தவர். அன்று நான்கு பெரிய போட்டிகளில் மூன்று புல்தரையில் நடந்தன. புல்லில் பந்து தாழ்ந்து சறுக்கி வரும். குனிந்து, முன்காலை வைத்து, உடல் எடையை அதன்மேல் சாய்த்து அடிப்பதே சரி. அமெரிக்க ஓப்பன் 1975இலும் ஆஸ்திரேலிய ஓப்பன் 1988இலும் புல்லை விட்டுவிட்டன. நீ ஆடும் கடினத் தரையில் பந்து தோள்வரை எழும்புகிறது. எதிரில் இருப்பவர் டாப் ஸ்பின் கொடுத்து, பந்தை முன்பக்கமாகச் சுழலவிட்டு அடித்தால் கேட்கவே வேண்டாம். நான் மட்டும் பழைய பாடத்தையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வலது ஓரத்துக்கு விரியும் பந்துக்கு நீ இன்னமும் இடது காலைக் குறுக்கே போடுகிறாய். இடுப்பு பூட்டிக்கொள்கிறது, அடித்த பிறகு கோர்ட்டுக்கு வெளியே இன்னும் ஓர் அடி வைத்துத்தான் திரும்ப முடிகிறது. அங்கே ஓப்பன் ஸ்டான்ஸ் வேண்டும், அதாவது காலைக் குறுக்கே போடாமல் வலையைப் பார்த்து விரித்து நிற்பது. வலது காலை ஊன்று, முழங்காலை மடக்கு, எடை முழுவதும் அந்தத் தொடையில் இறங்கட்டும், அங்கிருந்து எழும்பி அடி. ஆனால் கால்தான் வலையைப் பார்க்கலாம், மார்பு பார்க்கக் கூடாது. இடது கையைப் பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டின் பின்கோட்டுக்கு, இணையாகக் குறுக்கே நீட்டினால் தோள் தானாகத் திரும்பும். பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்: காலோடு சேர்த்துத் தோளையும் திறந்துவிட்டுக் கையால் மட்டும் வீசுகிறார்கள்.

குட்டையாக விழும் பந்துக்குப் பழைய பாடம் இன்றும் சரிதான். இடது காலை முன்னே வைத்து அடி. இடப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் இரண்டு கை பேக்ஹேண்டில் வலது கால் முன்னே வரட்டும். அது உனக்கு நன்றாகவே வருகிறது.

இதற்கெல்லாம் முன்னால் ஸ்பிளிட் ஸ்டெப் என்ற சிறு துள்ளல் இருக்கிறது. எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் நேரத்தில் நீ தரையைவிட்டுச் சற்றே எழும்பியிருக்க வேண்டும். இறங்கும்போது பந்து எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும், கால் அந்தப் பக்கமே தள்ளும். நீ பந்து வலையைத் தாண்டிய பிறகுதான் அசைகிறாய். 23.77 மீட்டர் நீளக் கோர்ட்டில் அது பெரிய தாமதம் அம்மா.

அடித்ததும் நடுக்கோட்டுக்கே ஓடவும் வேண்டாம். வலது மூலையிலிருந்து குறுக்காக அடித்தால், நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமே நில். எதிராளி அடிக்கக்கூடிய இரண்டு கோணங்களுக்கும் நடு அதுதான்.

வலி போனதும், ஒரு வாரம் மட்டையைத் தொடாதே. யாரையாவது பந்தைத் தூக்கிப்போடச் சொல்லி, ஒரு துள்ளலுக்குப் பின் இடுப்புயரத்தில், உடம்புக்கு முன்னால் அதைப் பிடி. பிறகு மட்டையோடு ஆடிப் படமெடுத்து அனுப்பு. போனைப் பின்னால் தரையோடு வைத்துவிடு. பந்து எங்கே விழுகிறது என்று நான் பார்க்கப்போவதில்லை, உன் இரண்டு பாதமும் தெரிந்தால் போதும்.

அன்புடன்,
அப்பா