சென்னைக் குறியீட்டெண்ணும் வேலூர் வாடகையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழகத்தில் குறைந்தபட்ச ஊதியத்துக்கான பஞ்சப்படி (விலைவாசி உயர்வை ஈடுகட்டும் தொகை), சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை ஒட்டியே கணக்கிடப்படுகிறது. அந்த எண் அடிப்படை ஆண்டிலிருந்து விலைவாசி எவ்வளவு ஏறியது என்று காட்டுமே தவிர, ஓர் ஊரின் வாழ்க்கைச் செலவை இன்னோர் ஊரோடு ஒப்பிட்டுக் காட்டாது. வேலூர் நகரில், சிகிச்சைக்காக வெளிமாநில நோயாளிகள் வந்து தங்கும் தோட்டப்பாளையம் போன்ற இடங்களில், பொதுக் குழாயை நம்பியுள்ள ஒற்றை அறைக்குக்கூட நாள் வாடகை கிடைப்பதால், கடைகளில் வேலை செய்யும் உள்ளூர்க் குடும்பங்கள் மாத வாடகைக்கு வீடு கிடைக்காமல் அல்லாடுகின்றன. இதே மாவட்டத்தின் குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்ணின் செலவுக் கணக்கோ முற்றிலும் வேறு. ரேஷன் அரிசி எங்கும் விலையின்றிக் கிடைக்கிறது. வித்தியாசம் வாடகையில்தான் இருக்கிறது. ஆகவே, ஒரே அளவு, ஒரே வசதி கொண்ட வீட்டின் வாடகையை வட்டம்வாரியாகக் கணக்கெடுத்து, ஊதிய நிர்ணயத்தின்போது அரசு கருத்தில் கொள்ள வேண்டும்.

– ஒரு வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்