தலையணையிலிருந்து என்ன தெரிகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிய மருத்துவமனைக் கட்டடங்களின் வரைபடத்தில் படுக்கை எண்ணிக்கை, லிப்ட், ஆக்சிஜன் குழாய் எல்லாம் கவனமாக இடம்பெறுகின்றன. படுத்திருப்பவர் கண்ணுக்கு என்ன தெரியும் என்று வரைந்து பார்ப்பவர்கள் அரிது.

பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தவர்கள் 23 பேர், செங்கல் சுவர் தெரிந்தவர்கள் 23 பேர். மரம் தெரிந்தவர்கள் ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனால் ஒதுக்கிவிடக் கூடியதல்ல.

நம் வார்டுகளில் கோளாறு ஜன்னலின் சில் லெவலில், அதாவது அதன் அடிவிளிம்பு இருக்கும் உயரத்தில் தொடங்குகிறது. வழக்கம்போல 3 அடியில் வைத்துவிடுகிறார்கள். மல்லாந்து படுத்தவரின் கண் தரையிலிருந்து சுமார் இரண்டரை அடியில் இருக்கிறது. கட்டில் ஜன்னலிலிருந்து 6 அடி தள்ளி, வார்டு முதல் மாடியில், அதாவது வெளியே நிலமட்டத்துக்கு 11 அடி மேலே என்று கொள்வோம். 40 அடி தூரத்தில் நிற்கும் வேப்பமரத்தில் 17 அடிக்கு மேலுள்ள பகுதிதான் அவருக்குத் தெரியும். சில் லெவலை 2 அடிக்கு இறக்கினால் 10 அடியிலிருந்தே, அநேகமாக முழுக் கிளைப்பரப்பும் தெரியும். பாதுகாப்புக்கு மூன்றரை அடி உயரம் வரை நெட்டுக்கம்பி கிரில் போதும். கம்பிகளுக்கு இடையே 4 அங்குலம். குறுக்குக்கம்பி வேண்டாம், குழந்தைகள் ஏறிவிடுவார்கள்.

இந்த ஜன்னலை மேற்கில் வைத்தால் பிற்பகல் வெயில் நேரே கட்டிலில் விழும். திரையை இழுத்து மூடுவார்கள், மரமும் போயிற்று. வடக்கோ தெற்கோ பார்த்திருக்க வேண்டும். தெற்கில் 2 அடி சன்ஷேடு அவசியம்.

அடுத்தது கட்டிலுக்கு நேர்மேலே டியூப்லைட். நடப்பவருக்கு அது தொந்தரவில்லை, படுத்தவருக்கு நாள் முழுதும் கண்கூச்சம். பின்லாந்தில் 1933இல் திறந்த பைமியோ காசநோய் மருத்துவமனையில் அதை வடிவமைத்த ஆல்வர் ஆல்ட்டோ இதை அன்றே யோசித்திருக்கிறார்: விளக்கு நோயாளியின் பார்வைக்கு வெளியே, கூரைக்கு மென்பச்சை வண்ணம், அறைத்தோழர் தூக்கம் கெடாதபடி தண்ணீர் சத்தமின்றி விழும் கைகழுவும் தொட்டி. இங்கும் விளக்கைத் தலைமாட்டுச் சுவருக்கு மாற்றி, ஒளி கூரையில் பட்டுத் திரும்பும்படி செய்யலாம். டிராலிக்கு ரப்பர் சக்கரம் போட்டால் இரவுச் சத்தமும் குறையும்.

டெண்டர் விடுமுன் ஒவ்வொரு கட்டிலுக்கும் கண்மட்டத்திலிருந்து கோடிழுத்த வெட்டுத்தோற்றம் (கட்டடத்தை நெடுக்காக வெட்டியதுபோல் காட்டும் வரைபடம்) ஒன்றைப் பொதுப்பணித் துறை கேட்டு வாங்க வேண்டும்.

— மருத்துவமனைக் கட்டட வடிவமைப்பாளர்கள், திருச்சி