செயலாளரின் ஆண்டறிக்கை – 2025: சங்கக் கூட்டத்துக்குத் திரும்பிய நம்மூர்ப் பாட்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிருவாகக் குழு உறுப்பினர்களே, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலிருந்தும் மேற்கே படுவான்கரையிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே, அக்காமாரே, காக்காமாரே, ராத்தாமாரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

2025ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் நமது தொழிலாளர் சங்கம் செய்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். இந்த வருடத்தில் நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு முதலில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். அவர்களில் ஒருவர் வாழைச்சேனைக் காகித ஆலையில் வைக்கோலைக் கூழாக்கும் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்தவர். அவருக்குத் தெரிந்த பாட்டுகளில் பாதியைத்தான் நம்மால் எழுதி எடுக்க முடிந்தது. அது எனக்கு இன்னும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நிருவாகக் குழு ஒழுங்காகக் கூடியது. நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மட்டும் கூட்டத்தை ஒத்திவைத்தோம். வீட்டில் தண்ணீர் ஏறாத உறுப்பினர்கள் ஏறியவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். மலையகத்துக்கு உலர் உணவும் உடுபுடவையும் சேர்த்து அனுப்பினோம். சந்தா, வரவு செலவு விபரங்களைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தோம். இனி மே தினத்துக்கும் சங்கக் கூட்டங்களுக்கும் இசைக்குழு பிடிப்பதில்லை, நம் தொழிலோடு பிறந்த பாட்டுகளை நாமே பாடுவது என்று. எல்லோரும் அதற்கு உடனே கை உயர்த்தவில்லை. பாட்டுப் பாடினால் சம்பளம் கூடுமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சம்பளத்தைக் கூட்டுவது அங்கத்தவர் பலமும் பேச்சுவார்த்தையும் வேலைநிறுத்தமும். ஆனால் கூட்டத்தின் பின்வரிசையில் பயந்து நிற்பவரை முதன்முதலில் வாய் திறக்க வைப்பது பெரும்பாலும் பாட்டுத்தான். பேச்சைக் கேட்பவர் கேட்பவராகவே நின்றுவிடலாம். பின்பாட்டுப் பாடியவர் அப்படி நிற்க முடியாது, தன் குரலைத் தானே கேட்டுவிட்டார் அல்லவா?

இதை உறுப்பினர்களுக்கு விளக்க, பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் வாசிப்பு வட்டம் நடத்தினோம். அதில் அதிகம் பேசப்பட்டது அமெரிக்காவின் ஸ்போகேன் நகரத்துக் கதை. உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கத்தார் அங்கே தெருமுனையில் பேச நின்றால், சால்வேஷன் ஆமி என்ற கிறிஸ்தவ அமைப்பின் வாத்தியக் குழு பக்கத்தில் நின்று முழங்கும். பேச்சு அமுங்கிப் போகும். சங்கத்தார் என்ன செய்தார்கள்? அந்த வாத்தியக்காரர் வாசித்த தேவபாடல்களின் மெட்டுக்கே தங்கள் சொற்களைப் போட்டுப் பாடினார்கள். கூலி, வேலை பிடித்துக் கொடுக்கும் முகவர்கள் அடிக்கும் கொள்ளை, பசி எல்லாம் அந்த மெட்டுகளில் ஏறின. 1909இல் அவை சட்டைப் பையில் அடங்கும் சிவப்பு அட்டைப் புத்தகமாக வந்தன. சுவீடனிலிருந்து போய் அந்தச் சங்கத்துக்குப் பாட்டெழுதிய ஜோ ஹில், துண்டுப்பிரசுரத்தை ஒரு தடவைக்கு மேல் யாரும் படிப்பதில்லை, பாட்டு மனப்பாடமாகித் திரும்பத் திரும்ப வரும் என்று எழுதினார். 1915 நவம்பரில் யூட்டா மாநிலத்தில் அவரைச் சுட்டு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். பாட்டு நிற்கவில்லை.

நம் அக்காமாரைத் தொட்டது இன்னொரு கதை. 1931, கென்டக்கி மாநிலத்தின் ஹார்லன் மாவட்டம், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டம். ஃபுளோரன்ஸ் ரீஸ் என்ற பெண்ணின், சங்கத்தில் தீவிரமாக இருந்த கணவரைத் தேடி, உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரியான ஷெரிப்பின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்து கிளறுகிறார்கள். வீட்டில் இருந்தது ஃபுளோரன்ஸும் பிள்ளைகளும்தான். அந்த ஆட்கள் போனபின், ஃபுளோரன்ஸ் சுவரில் தொங்கிய கலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்புறத்தில் ஒரு பாட்டு எழுதினார். நீ எந்தப் பக்கம் என்று கேட்கும் பாட்டு. மெட்டு அவர் ஏற்கெனவே அறிந்த பழைய மெட்டு. எழுதக் கொப்பி இல்லாத வீட்டிலிருந்து வந்த அந்தப் பாட்டு உலகத்தின் எத்தனையோ வேலைநிறுத்தங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நம்மில் பலர் அறிந்த ‘வீ ஷல் ஓவர்கம்’ பாட்டுக்கும் இதே மாதிரி ஒரு வழி உண்டு. தேவாலயத்தில் பாடிய பாட்டை 1945இல் சார்ள்ஸ்டன் நகரத்தில் சுருட்டுத் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் நின்ற கறுப்பினப் பெண்கள் மறியல் வரிசையில் பாடினார்கள். அங்கிருந்து அது கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்துக்குப் போனது.

தூரத்துக் கதைகள் போதும் என்று சொன்ன உறுப்பினருக்காக நம் நாட்டுக்கு வந்தோம். வந்து பார்த்தால் இங்கேயும் அதேதான். கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் நிலையை அறிய, வெளியாளை உள்ளே விடாத தோட்டங்களுக்குள் துணி வியாபாரியாகப் போனவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சம்மேளனம் அமைத்தவர். அவரது துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். சனங்களுக்குப் பழகிய மெட்டுகளில் தோட்டத்து அவலத்தையும் இந்தியத் தொழிலாளருக்கு எதிராக எழுந்த நடவடிக்கைகளையும் வைத்துப் பாடினார். 1940இல் அந்தப் பாட்டுகள் சிறு நூலாக அச்சாகின. சங்க அமைப்பாளர் நுழைய முடியாத, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் பாட்டு நுழைந்துவிடும் என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார் என்று நினைக்கிறேன். நடேசய்யரைப் பற்றிப் பேசும்போது அந்த அம்மாவின் பெயரை இரண்டாவதாகச் சொல்வதையும் நாம் விட வேண்டும்.

அந்த 1940 ஜனவரியில்தான் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதே வருடம்தான் தி. சதாசிவ ஐயர் தொகுத்த ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ம் வெளிவந்தது. மலையில் ஒன்று, கடற்கரையில் ஒன்று. இரண்டையும் சேர்த்து யோசிக்க நமக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. சங்க வேலையையும் பாட்டுத் தொகுப்பையும் ஒருவரே செய்ததற்கு சி.வி. வேலுப்பிள்ளை சாட்சி. தொழிற்சங்கத் தலைவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். மலையக மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவர்தான். நமது சங்கம் அவரைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து.

இனி நம் மாவட்டத்தில் செய்தது. கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் நம் உறுப்பினர்களோடு ஒரு காலை முழுவதும் நின்றோம். இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள். குதிக்காலை மணலில் புதைத்துப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறார்கள். முன்பாட்டுக்காரர் அடியைச் சொல்லும்போது யாரும் இழுப்பதில்லை, மூச்சு வாங்குகிறார்கள். பின்பாட்டு எழும்பும்போதுதான் எல்லா உடம்பும் ஒன்றாகப் பின்னுக்குப் போகிறது, கயிறு ஒரு பாகம் கரைக்கு வருகிறது. ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் அடுத்தவர் தோளில் சுமை விழும். சிலர் பாட்டை வேலைக் களைப்புத் தீரப் பாடுவது என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கரையில் நின்றவருக்குத் தெரியும், அங்கே பாட்டும் கயிறு மாதிரி ஒரு வேலைச் சாமான். சில கரைகளில் இப்போது உழவு மெசினைக் கட்டி இழுக்கிறார்கள். அங்கே பாட்டும் இல்லை, ஆட்களும் குறைவு. வலை கரைக்கு வந்தபின் நம் தம்பி ஒருவர் அந்த மெட்டிலேயே கட்டிய அடிகள் இவை:

விடியமுன்னம் வந்தோமே – ஏலேலோ
வெயில் ஏறி நிக்குதே – ஐலசா
வேர்வைக்கு விலை என்ன – ஏலேலோ
விளங்கச் சொல்லு முதலாளி – ஐலசா

மீன் ஏலம் போகும் இடத்தில் இதைப் பாடினார்கள். முதலாளியும் நின்று கேட்டார். பங்குக் கணக்கை எல்லோருக்கும் முன்னால் எழுதிக் காட்ட வேண்டும் என்ற கோரிக்கை அன்றைக்குத்தான் முதல் தடவை சத்தமாக வந்தது. அது இன்னும் முடிவாகவில்லை.

அரிசி ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுடன் செய்த கும்மி இந்த வருடத்தின் மிகப் பயனுள்ள வேலை என்று துணிந்து சொல்வேன். தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 17,500 ரூபாவிலிருந்து 2025இல் 27,000 ரூபாவாக உயர்ந்தது. 2026 ஜனவரியிலிருந்து 30,000. சுவரொட்டியிலும் கையேட்டிலும் இதைப் போட்டோம், சிலர் வாசித்தார்கள், பலர் வாசிக்கவில்லை. பிறகு ஒரு அக்கா இப்படித் தொடங்கினார்:

கும்மியடி அக்கா கும்மியடி – சம்பளக்
கணக்கைக் கூட்டியே கும்மியடி
சட்டம் சொல்வது இருபத்தேழாயிரம்
சத்தமாய்ச் சொல்லியே கும்மியடி

இரண்டு சுற்று முடியமுன் தொகை எல்லோர் வாயிலும் இருந்தது. ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு, நம்பிக்கை நிதிக்கு எவ்வளவு, நியமனக் கடிதம் எங்கே என்றெல்லாம் அவர்களே அடிகள் சேர்த்தார்கள். ஜனவரி வந்ததும் ‘இருபத்தேழாயிரம்’ போய் ‘முப்பதாயிரம்’ வந்தது. நாட்டார் பாட்டு அப்படித்தான், தேவைக்கு ஏற்ப அடி மாறும், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஓர் ஆலையின் வாசலில் வேலை விடும் நேரத்தில் பாட நின்றபோது காவலாளியை அனுப்பி எங்களைப் போகச் சொன்னார்கள். சரி என்று வீதிக்கு மறுபக்கம் நின்று பாடினோம். உள்ளே கையொப்பம் வைத்துவிட்டு வந்த பெண்கள் எங்களோடு சேர்ந்து பாடியபடியே பஸ்ஸுக்குப் போனார்கள்.

மே தினம். உள்ளூராட்சித் தேர்தல் மே 6இல் இருந்ததால் நகரம் முழுக்க ஒலிபெருக்கிச் சத்தம். நாங்கள் காந்தி பூங்காப் பக்கம் ஒலிபெருக்கி இல்லாமலே நின்றோம். முதலில் பத்துப் பேருக்கு மேல் கேட்காது என்று பயந்தார்கள். கேட்டது, ஏனென்றால் பின்பாட்டு நின்றவர்கள் எல்லோரும் பாடினார்கள். கோல் அடித்து ஆடும் வசந்தன் ஆட்டத்துக்கு இளைஞர்கள் நின்றார்கள். ஏறாவூர்க் காக்கா ஒருவர், முஸ்லிம்கள் கோல் அடித்து ஆடும் பொல்லடிப் பாட்டின் மெட்டில் ரமழானில் வேலை நேரம் பற்றிய அடிகளைப் பாடினார். தமிழர் பாட்டு, முஸ்லிம்கள் பாட்டு என்று வரிசை பிரித்து நிகழ்ச்சி நிரல் போடவேண்டாம் என்று குழு முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. வயலும் கடலும் ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான்.

அதிகம் விவாதித்தது பறைமேளம் பற்றி. ஊர்வலத்துக்குப் பறை வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் எந்த முறையில் அழைப்பது? சாவீட்டுக்கும் கோயிலுக்கும் பரம்பரைக் கடமை என்று சொல்லி, திண்ணைக்கு வெளியே நிறுத்தி அடிக்கவைத்த கலை அது. அந்த அழைப்பையே சங்கமும் செய்தால், அதைச் சங்கம் என்று சொல்ல என்ன இருக்கிறது? பறைமேளக் கலைஞர்கள் கூலி பெறும் தொழிலாளர்கள், அவர்களுக்கு நாட்கூலி, உறுப்புரிமை, பந்தியில் நம் பக்கத்தில் இடம் என்று முடிவெடுத்தோம். பதாகைக்கு முன்னால் நடந்தார்கள். அவர்களில் மூத்தவர் இப்போது நிருவாகக் குழுவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். நீங்கள் அதை ஆதரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படுவான்கரை வேளாண்மைப் பாட்டுகள் பற்றி ஒரு கருத்து வேறுபாடு தீராமலே இருக்கிறது. மாடுகளை நடத்தி நெல்லைப் பிரிக்கும் சூடு மிதிப்புக் களத்தில் பாடிய பொலிப் பாட்டில், வயல் சொந்தக்காரரான போடியாரின் பெருமையும் வருகிறது. தொழிலாளர் சங்கம் அதைப் பாடலாமா என்று இளம் உறுப்பினர்கள் கேட்டார்கள். என் எண்ணம் இது: பொலி பெருக வேண்டும் என்று இரவிரவாக மாட்டின் பின்னால் நடந்து பாடியவர் போடியார் அல்ல. மெட்டு நடந்தவருடையது. புகழ்ச்சி அடியை விட்டுவிட்டு, வெட்டு மெசின் வந்தபின் வேலை இழந்தவர்களின் கணக்கை அந்த இடத்தில் வைக்கலாம். ஆனால் பழைய பாடத்தை அப்படியே எழுதி வைக்கவும் வேண்டும், நமக்குப் பிடிக்காத அடிகளோடு. இதைப் பற்றி இன்று சபை பேசினால் நல்லது.

வரும் வருடத்துக்கு நிருவாகக் குழு பரிந்துரைப்பவை சில. காகித ஆலை ஓய்வூதியக்காரர்களிடமும், அம்பாறைப் பக்கம் ஹிங்குராணைக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தவர்களிடமும் பாட்டுகளைக் குரலோடு பதிவு செய்தல். பாடியவர் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியில் விடாதிருத்தல், வெளிவந்தால் அவர் பெயரை முதலில் போடுதல். மலையகத்திலிருந்து வந்து நம் மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களின் தப்பிசைக்கும் பாட்டுக்கும் அடுத்த மே தினத்தில் இடம். புதிய உறுப்பினர் சேரும் கூட்டங்களில் சந்தாப் புத்தகத்தோடு பாட்டுக் கொப்பியும் கொடுத்தல். அச்சுச் செலவு பற்றிப் பொருளாளர் சொல்வார்.

மண்டபம் தந்தவர்களுக்கும், கூட்டங்களுக்குத் தேநீர் ஊற்றியே களைத்துப்போன இளைஞர் அணிக்கும், வேலை முடிந்த கையோடு வந்து பாடிய எல்லோருக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்குமாறு சபையைக் கேட்டு, பொலிப் பாட்டு விடயத்தை முதலாவதாக விவாதத்துக்கு எடுக்கும்படி தலைவரை வேண்டுகிறேன்.

செயலாளர்