நாயோடு வெளிநாடு: விமானம் ஏறும் முன் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு நாய்க்கு உரிமமும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று சென்னை மாநகராட்சி அறிவித்த பிறகு, வடசென்னையில் பலர் நாய்க்குச் சிப் போட்டுவிட்டார்கள். மகனோ மகளோ வேலைக்குப் போன நாட்டுக்கு நாயையும் கூட்டிப்போக முடியுமா என்று அவர்களில் சிலர் இப்போது கேட்கிறார்கள். முடியும். சொந்தக் கார் இல்லாத வீட்டிலிருந்தும் முடியும். காரியம் கெடுவது பெரும்பாலும் தடுப்பூசிப் புத்தகத்தில்தான். அடுத்தபடியாக, திருவொற்றியூருக்கும் விமான நிலையம் உள்ள மீனம்பாக்கத்துக்கும் நடுவே.

புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது வரிசை. சிப் முதலில், ரேபிஸ் ஊசி பிறகு. ஒரே நாளில் இரண்டையும் போடலாம். சிப் முந்த வேண்டும். வருடம் தவறாமல் ஊசி போட்ட நாயாக இருந்தாலும், சிப்புக்கு முன் போட்ட ஊசியை ஐரோப்பிய நாடுகள் கணக்கில் எடுப்பதில்லை. அந்த ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்று காட்ட அன்றைக்கு அடையாளம் எதுவும் இல்லையே. மாநகராட்சி உரிமத்துக்காக அண்மையில் சிப் போட்டவர்களில் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். மருத்துவரிடம் சொல்லி ஊசியை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். சிப் 15 இலக்கம் கொண்டதாக, ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போகும்போதும் கருவியால் படிக்கச் சொல்லுங்கள். பிடரியில் போட்ட சிப் தோள்பட்டைப் பக்கம் இறங்கிவிடுவது உண்டு; இரண்டு தோளிலும் தேடாமல் "சிப் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். படித்த எண்ணைப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். அடித்துத் திருத்திய ஓர் இலக்கம் போதும், பயணம் நின்றுபோக.

ரேபிஸ் அபாயம் குறைவு என்று ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில், ஊசியால் ரத்தத்தில் உருவான ரேபிஸ் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு.வுக்கு (சர்வதேச அலகு) குறையக் கூடாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஜனவரி 10 அன்று ஊசி போட்டால், ரத்தம் எடுக்க பிப்ரவரி 9. நாய் ஐரோப்பாவில் கால் வைக்க மே 10. டிக்கெட் எடுத்த பிறகு ஊசியைப் பற்றி யோசிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி மட்டும் போட்ட இளம் நாய்க்கு அளவு 0.5-ஐ எட்டாமல் போகலாம். முன்பே ஒரு பூஸ்டர் போட்ட நாய் பெரும்பாலும் தேறிவிடும். ரத்தத்தைக் குழாயில் அப்படியே அனுப்பினால் சிவப்பணு உடைந்து மாதிரி வீணாகும். ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரித்து, குளிர்ப்பையில் வைத்து, குழாயின் மேல் சிப் எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். ஒருமுறை தேறிவிட்டால், அடுத்தடுத்த ஊசிகளைக் கெடு தாண்டாமல் போட்டுவரும் வரை அந்த முடிவு செல்லும். ஒரு நாள் தவறினாலும் எல்லாம் முதலிலிருந்துதான்.

அமெரிக்காவுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் விதி மாறியிருக்கிறது. நாய்க்கு 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும், சிப் வேண்டும். இந்தியாவில் ஊசி போட்ட நாய் என்றால், அங்கே பதிவுபெற்ற பராமரிப்பு நிலையத்தில் முன்பதிவு செய்து, அந்த நிலையம் உள்ள விமான நிலையத்தில்தான் இறங்க முடியும். ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லாவிட்டால் 28 நாள் தனிமைப்படுத்தல். ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேரடியாக நாயை ஏற்பதே இல்லை.

இனி ஊருக்குள் போகும் வழி. விம்கோ நகர் பணிமனையில் ஏறினால் ஒரே மெட்ரோ ரயிலில் விமான நிலையத்தில் இறங்கலாம். தங்கசாலை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மக்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அந்த ரயிலில் நாய்க்கு அனுமதி இல்லை. திரிசூலம் வரை போகும் புறநகர் ரயிலும் உதவாது. ரயில்வே விதி நாயை முதல் வகுப்புக் கூபேயிலோ, கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டிலோ ஏற்றச் சொல்கிறது; புறநகர் மின்ரயிலில் இரண்டுமே கிடையாது. மூடிய கூண்டுக்குள் இருக்கும் சிறிய நாயையாவது, நெரிசல் இல்லாத நேரத்தில், கடைசிப் பெட்டியில், தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு மெட்ரோ நிர்வாகம் அனுமதிக்க வேண்டும். பயணப் பெட்டி அளவுள்ள கூண்டு யாருக்கும் இடைஞ்சல் ஆகாது.

அதுவரை ஆட்டோதான். நாய் இருக்கிறது என்று ஏறும்போது சொல்லாமல், பேசும்போதே சொல்லிவிடுங்கள். ரெக்சின் சீட்டு வெயிலில் கொதிக்கும். பழைய போர்வையை விரித்து, நாயைக் காலடியில் உட்காரவைத்து, கயிற்றைக் கையில் பிடியுங்கள். ஆட்டோவின் கம்பியில் கட்டினால், திடீர் பிரேக்கில் கழுத்து இறுகும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூடுதலாக ஒன்றரை மணி நேரம் கையில் வைத்துக் கிளம்புங்கள்.

பெரிய கூண்டு ஆட்டோவில் நுழையாது. போல்ட்டைக் கழற்றி, மேல்பாதியைக் கீழ்பாதிக்குள் கவிழ்த்துக் கட்டினால் பாதி இடம்தான் பிடிக்கும். இன்னொரு ஆட்டோவிலோ, குட்டி யானை எனும் சிறு சரக்கு வண்டியிலோ அனுப்பலாம். நாயைக் குட்டி யானையின் திறந்த பின்பக்கத்தில் வெயிலில் ஏற்றவே கூடாது. கூண்டுக்கு அளவெடுக்கும் கணக்கு இது: மூக்கிலிருந்து வாலின் அடி வரை உள்ள நீளத்தோடு, முன்னங்கால் முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். நீளம் 80 செ.மீ., முழங்கை உயரம் 30 செ.மீ. என்றால் கூண்டு 95 செ.மீ. அகலம், தோள் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு. உயரத்தில்தான் அதிகம் தவறுகிறது. நம் நாட்டு நாய்க்குக் காது விறைத்து நிற்கும். தலை வரை அளந்து கூண்டு வாங்கினால், விமான நிலையத்தில் காது கூரையில் இடிப்பதைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிளாஸ்டிக் கிளிப்புக்குப் பதில் உலோக போல்ட், நான்கு பக்கமும் காற்றுத் துளை, வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்றக்கூடிய கிண்ணம் இருக்க வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். மயக்க மருந்து கொடுத்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். உயரத்தில் அது மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கும். ஒரு மாதம் முன்பிருந்தே கூண்டுக்குள் சோறு வைத்துப் பழக்குவதுதான் மருந்து.

பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விமானத்தில் நேராகப் போனால் நாய் சரக்காகத்தான் இறங்க முடியும். ஐரோப்பாவிலிருந்து லண்டன் போகும் யூரோஸ்டார் ரயில் வளர்ப்பு நாயை ஏற்காது. ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் வாகனங்களை ஏற்றிச்செல்லும் சுரங்க ரயிலுக்கோ சொந்த வாகனம் வேண்டும். கார் இல்லாதவர்களுக்கு ஏற்ற வழி கப்பல். சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு விமானம். அந்த விமான நிலையத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. ஜெர்மன் ரயிலில் பெரிய நாய்க்குத் தனி டிக்கெட், கயிறு, வாய்மூடி வேண்டும். நெதர்லாந்தில் ராட்டர்டாம் போய், அங்கிருந்து மெட்ரோவில் ஹூக் வான் ஹாலந்து துறைமுகம். இங்கிலாந்தின் ஹார்விச் போகும் கப்பலில் நாயோடு நடந்தே ஏறலாம். நாய்க்கான இடங்கள் குறைவு, முன்பதிவு வேண்டும். ஹார்விச் துறைமுகத்தை ஒட்டியே லண்டன் ரயில் நிற்கிறது.

இந்த வழியில் ஐரோப்பியச் சான்றிதழோடு பிரிட்டனுக்கான சான்றிதழும் தேவை. நாடாப்புழு மருந்தை மருத்துவரே கொடுத்து, நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும்; பிரிட்டனுக்குள் நுழையும் நேரத்துக்கு 24 மணி முதல் 120 மணிக்குள் அது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். திங்கள் காலை 10 மணிக்குச் சென்னையில் கொடுத்தால், நம் நேரப்படி சனி காலை 10 மணிக்குள் ஹார்விச்சில் இருக்க வேண்டும். விமானமோ கப்பலோ ஒரு நாள் தாமதித்தால்கூடக் கெடு தாண்டாதபடி பயணத்தை வையுங்கள்.

கடைசிக் கட்டம் பள்ளிக்கரணை. மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம் அங்கேதான் இருக்கிறது. அங்கே ஐரோப்பியச் சான்றிதழ் கையெழுத்தான 10 நாளுக்குள் நாய் ஐரோப்பாவில் நுழைந்துவிட வேண்டும் என்பதால் இதை முன்கூட்டி முடித்துவைக்க வழியில்லை. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் அந்த 10 நாளுக்குள்தான் வரும். பயண நாளன்றே பள்ளிக்கரணைக்குப் போகாதீர்கள். எண்ணில் ஒரு பிழை இருந்தால் மருத்துவரிடம் திரும்பி ஓட நேரம் வேண்டும். எண்ணூரில் இருப்பவர் நாயோடு நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஆட்டோவில் போய் வர வேண்டியிருக்கிறது. 1903 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது, வடசென்னைக்குப் பக்கம். வாரத்தில் ஒரு நாளாவது அந்த வளாகத்தில் ஏற்றுமதிப் பரிசோதனை நடத்த மத்திய, மாநில கால்நடைத் துறைகள் சேர்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

— நாய் வளர்ப்போர் சிலர்,
திருவொற்றியூர், சென்னை